மேட்ச் முடியறது ராத்திரி 11:30. மரக்காணத்துக்கு எப்படித் திரும்புறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ்லேர்ந்து ஆரம்பிக்கலாம்.

மரக்காணத்துலேர்ந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தார். அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, சேப்பாக்கத்துல மேட்ச் பார்க்க டிக்கெட் கிடைச்சிருச்சு. நைட் மேட்ச். நாலு பேரு, ரெண்டு பைக். மேட்ச் முடிஞ்சதும் அப்படியே ஈசிஆர்ல ஊருக்கு வந்துடலாம்னு இருக்கோம். எங்க அம்மா உப்பளத்துக்கு வேலைக்குப் போறவங்க. அவங்க வேணாம்ங்கிறாங்க. காரணம் கேட்டா, 'நீ வர்ற நேரத்துலதான்டா நாங்க ரோட்டைத் தாண்டிப் போவோம்'னு மட்டும் சொல்றாங்க. போலாமா, வேணாமா?"

அந்தம்மா சொன்ன ஒரு வரியை நான் ரெண்டு மூணு தடவை கேட்டேன். அதுக்கு எபிசோட் கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி, பெரிய விளையாட்டு நடக்கிற நாள்ல ஒரு ஊரு எப்படி நகருது, எங்க சிக்கிக்கும், நாம எதை முதல்ல யோசிக்கணும்னு பார்ப்போம். மரக்காணம்னு இல்ல, செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம்னு எங்கேர்ந்து மேட்ச் பார்க்க வந்தாலும் இது உங்களுக்கும் பொருந்தும்.

வர்ற கூட்டம் வேற, போற கூட்டம் வேற

மேட்ச்சுக்குக் கிளம்பும்போது நாம யோசிக்கிறது எல்லாமே போறதைப் பத்தித்தான். எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எந்த கேட், வண்டியை எங்க விடலாம். திரும்பி வர்றதைப் பத்திக் கேட்டா, "அதெல்லாம் பாத்துக்கலாம்டா"னு விட்டுடறோம்.

ஆனா கணக்கு நேர்மாறா இருக்கு. ஐபிஎல் நைட் மேட்ச் 7:30 மணிக்கு ஆரம்பிக்குதுன்னு வைங்க. சிலர் 4:30க்கே வந்து ஜெர்சி வாங்கிட்டு நிப்பாங்க. ஆபீஸ் முடிஞ்சு ஓடி வர்றவங்க ரெண்டாவது ஓவர்ல உள்ள வருவாங்க. அதாவது உள்ள வர்ற கூட்டம் மூணு மணி நேரத்துல பரவி வருது. வெளிய போற கூட்டம் அப்படி இல்ல. கடைசிப் பந்து விழுந்த அரை மணி நேரத்துல மொத்த ஸ்டேடியமும் ரோட்டுல நிக்கும். அதே ஆளுங்க, அதே ரோடு. நேரம் மட்டும் ஆறுல ஒரு பங்கா சுருங்கிடுது.

அதனால இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துட்டுப் போனா போதும்: திரும்பி வர்ற வழியை முதல்ல முடிவு பண்ணுங்க. அது முடிவானப்புறம் போற வழியைப் பாருங்க. திரும்ப வழி இல்லைன்னா டிக்கெட்டையே மாத்தி யோசிங்க.

ஈசிஆர்லயே நடந்த ஒரு உதாரணம்

இது எவ்வளவு உண்மைன்னு புரியணும்னா, மரக்காணத்துக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டர்ல இருக்கிற மாமல்லபுரத்துக்குப் போகணும். 2022 ஜூலை 28லேர்ந்து ஆகஸ்ட் 10 வரைக்கும் 44வது செஸ் ஒலிம்பியாட். அந்த வருஷம் ரஷ்யாவுல நடக்க வேண்டியது. உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் அங்கேர்ந்து எடுத்துட்டாங்க. சில மாசத்துல ஏற்பாடு பண்ணி, பூஞ்சேரியில ஒரு ஹோட்டல் வளாகத்துல நடத்தினாங்க. நேப்பியர் பாலத்துக்கு செஸ் போர்டு மாதிரி பெயின்ட் அடிச்சது, வேட்டி கட்டின 'தம்பி' குதிரை, எல்லாம் ஞாபகம் இருக்கும்.

ஓபன் பிரிவுல 188 அணி, பெண்கள் பிரிவுல 162 அணி. ஆடினவங்க மட்டும் 1,700 பேருக்கு மேல. ஒரு அணியில ஒரு ரவுண்டுக்கு நாலு பேர் உக்காருவாங்க, அப்போ ஒரே நேரத்துல சுமார் 1,400 பேர் போர்டு முன்னாடி. கோச்சுகள், நடுவர்கள், பத்திரிகைக்காரங்க, பார்வையாளர்கள் எல்லாம் இதுக்கு மேல. தங்கினது மாமல்லபுரத்துலேர்ந்து சென்னை வரைக்கும் சிதறிக் கிடக்கிற ஹோட்டல்கள்ல. போட்டி நடந்த இடமோ, ஓஎம்ஆரும் ஈசிஆரும் வந்து சேருற அந்த ஒரு முனை.

சிக்கல் வந்திருக்கணும். ஆனா அந்த ரோடு தாங்குச்சு. காரணம் ரெண்டு.

ஒண்ணு, வீரர்கள் தனித்தனியா கார் புடிச்சு வரல. ஹோட்டல்லேர்ந்து போட்டி நடக்கிற இடத்துக்கு நேரம் குறிச்சு பஸ்ல வந்தாங்க. பொதுமக்களுக்கும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் சென்னையிலேர்ந்து ஈசிஆர் வழியா மாமல்லபுரத்துக்கு இலவச பஸ் விட்டுச்சு. எங்க வேணா ஏறலாம், எங்க வேணா இறங்கலாம்.

ரெண்டாவது காரணம் செஸ் ஆட்டத்துக்குள்ளயே இருக்கு. ரவுண்டு மதியம் 3 மணிக்கு ஆரம்பிக்கும், எல்லாருக்கும் ஒரே நேரம். ஆனா முடியற நேரம் ஒவ்வொருத்தருக்கும் வேற. முதல் 40 நகர்த்தலுக்கு ஒரு ஆளுக்கு 90 நிமிஷம், அப்புறம் 30 நிமிஷம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 செகண்ட் கூடுதல். சீக்கிரமே டிரா பண்ணிட்டு கிளம்புறவங்களும் உண்டு. ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும் உக்காந்து யோசிக்கிறவங்களும் உண்டு. யாரும் திட்டம் போடாமலே கூட்டம் தானா கலைஞ்சு போகும்.

கிரிக்கெட்ல இந்த வசதி கிடையாது. எல்லாருக்கும் ஒரே கடைசிப் பந்து. தோனி சிக்ஸ் அடிச்சாலும் சரி, அவுட் ஆனாலும் சரி, எல்லாரும் ஒரே நிமிஷத்துலதான் எழுந்திருப்பாங்க.

சேப்பாக்கத்துக் கணக்கு

இப்போ சேப்பாக்கத்துக்கு வருவோம். 2023ல புது ஸ்டாண்டு திறந்ததுக்கு அப்புறம் ஸ்டேடியத்துல சுமார் 38,000 பேர் உக்காரலாம்.

அதுல 15,000 பேர் மெட்ரோவுக்குப் போறாங்கன்னு வைங்க. இது ஒரு உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிற எண்ணிக்கைதான். நாலு பெட்டி மெட்ரோ ரயில்ல நெருக்கி நின்னா சுமார் 1,250 பேர். அப்போ 12 ரயில் வேணும். வடக்கே ஆறு, தெற்கே ஆறு. ஏழு நிமிஷத்துக்கு ஒரு ரயில் வந்தா நாப்பது நிமிஷம். இது ரயில் காலியா வந்து, எல்லாரும் சரியா ஏறினா வர்ற கணக்கு. நிஜத்துல செக்கிங் இருக்கு, எஸ்கலேட்டர் இருக்கு, பிளாட்ஃபார்ம்ல கூட்டம் அதிகமானா மேலயே நிறுத்தி வைப்பாங்க. அதனால ஒரு மணி நேரம் ஆகும்னே வச்சுக்கோங்க.

வழக்கமான நாள்ல சென்னை மெட்ரோ ராத்திரி 11 மணியோட முடிஞ்சுடும். மேட்ச் நாள்ல நேரத்தை நீட்டிக்கிறது உண்டு. 2024 ஐபிஎல்ல சென்னை ஹோம் மேட்ச் டிக்கெட்டைக் காட்டினா மெட்ரோவுல இலவசமாவே போக முடிஞ்சுது. 2025ல ஏசி இல்லாத மாநகரப் பேருந்துகள்லயும் டிக்கெட் வச்சிருந்தவங்களுக்கு இலவசம். அந்தச் சலுகை மேட்ச்சுக்கு மூணு மணி நேரம் முன்னாடிலேர்ந்து. இதெல்லாம் ஒவ்வொரு சீசனும் மாறும். அதனால போன வருஷம் பார்த்த ரீல்ஸை நம்பிக் கிளம்பாதீங்க. அந்தந்த மேட்ச்சுக்கு மெட்ரோ நிறுவனம் போடுற அறிவிப்புல ரெண்டு விஷயம் மட்டும் தேடுங்க: சலுகை போறதுக்கா, வர்றதுக்கா, ரெண்டுக்குமா? கடைசி ரயில் எத்தனை மணிக்கு, எந்த ஸ்டேஷன்லேர்ந்து?

பக்கத்துல இருக்கிற ஸ்டேஷன்தான் நல்ல ஸ்டேஷனா?

சேப்பாக்கத்துக்கு ரெண்டு ரயில் இருக்கு. ஒண்ணு மெட்ரோ. அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கி வாலாஜா ரோடுல நடந்தா ஸ்டேடியம். இன்னொண்ணு பறக்கும் ரயில். சேப்பாக்கம் ஸ்டேஷன் ஸ்டேடியத்துக்குப் பின்னாடியே, பக்கிங்காம் கால்வாய் ஓரமா நிக்குது. (ஒரு சின்ன தகவல், மரக்காணத்துக்காரங்களுக்காக: அந்தக் கால்வாய் தெற்கே போய் முடியறது உங்க ஊர்ப் பக்கம்தான். ரோடு வர்றதுக்கு முன்னாடி உப்பும் விறகும் அதுல படகுல சென்னைக்குப் போச்சு.)

போகும்போது இந்த ரெண்டு ஸ்டேஷனும் ரொம்ப வசதி. வரும்போது எல்லாரும் அங்கதான் போவாங்க, அதுதான் பிரச்சினை.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. மெரினாவுல விமானப்படை சாகச நிகழ்ச்சி. விளையாட்டு இல்லைதான், ஆனா இடம் அதே சேப்பாக்கம் பக்கம். லட்சக்கணக்கான மக்கள். மதியம் ஒரு மணி வாக்குல நிகழ்ச்சி முடிஞ்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல ரோட்டுக்கு வந்தாங்க. உச்சி வெயில், குடிக்கத் தண்ணி கிடைக்கல, பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள்ல கால் வைக்க இடமில்ல. பல பேர் மயங்கி விழுந்தாங்க. அஞ்சு பேர் இறந்துட்டாங்க.

2025 ஜூன் 4, பெங்களூரு. பதினெட்டு வருஷம் காத்திருந்து ஆர்சிபி கோப்பை ஜெயிச்ச மறுநாள். சின்னசாமி ஸ்டேடியம் கேட்ல நெரிசல்ல 11 பேர் இறந்தாங்க. அன்னைக்கு ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல இருக்கிற கப்பன் பார்க், விதான சவுதா மெட்ரோ ஸ்டேஷன்கள்ல கூட்டத்தால ரயிலை நிறுத்தாம விட்டாங்க. நீங்க நம்பி வந்த பக்கத்து ஸ்டேஷன், உங்களுக்குத் தேவைப்படுற அந்த நேரத்துல மூடியிருக்கலாம். இதை எப்பவும் மனசுல வச்சுக்கோங்க.

அப்போ என்ன பண்ணலாம்?

ஒரு ஸ்டேஷன் தள்ளி நடங்க. அதுவும் உங்க வீட்டுக்கு எதிர்த் திசையில நடந்தா இன்னும் நல்லது. தெற்கே போறவங்க எல்லாரும் அரசினர் தோட்டத்துல முட்டிக்கும்போது, நீங்க ஒரு இருபது நிமிஷம் கூட நடந்து சென்ட்ரல் போய் ஏறினா, அந்த ரயில் கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடியே உங்களுக்கு இடம் கிடைச்சிருக்கும். பறக்கும் ரயிலுக்கும் இதே கணக்குதான். வேளச்சேரி பக்கம் போறவங்களுக்கு சேப்பாக்கத்துக்கு முந்தின ஸ்டேஷன் சிந்தாதிரிப்பேட்டை. ஆனா அதோட கடைசி வண்டி நேரத்தை அன்னைக்குக் காலையிலயே பார்த்துடுங்க.

நடக்கப் பிடிக்கலையா? உக்காருங்க. பரிசளிப்பு முடியற வரைக்கும் சீட்லயே இருங்க. கடைசி ரயிலுக்கு நேரம் இருந்தா, அரை மணி நேரம் கழிச்சு எழுந்தவங்களுக்குப் பெரும்பாலும் பாதிக் கூட்டம்தான் மிச்சம் இருக்கும்.

நெரிசல்ல மாட்டிக்கிட்டா ஒரு விஷயம். நெரிசல்ல பெரும்பாலும் உயிர் போறது மிதிபட்டு இல்ல, நெஞ்சு அழுந்தி மூச்சு விட முடியாமத்தான். அதனால ரெண்டு கையையும் குத்துச்சண்டைக்காரர் மாதிரி நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி வச்சுக்கோங்க. கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீங்க. ஓரமா, சாய்வா நகர்ந்து வெளிய வாங்க, ஆனா சுவரையோ கம்பியையோ ஒட்டி நிக்காதீங்க. கீழ விழுந்த செல்போனை எடுக்கக் குனியவே குனியாதீங்க.

வண்டி எடுத்துட்டுப் போனா?

மேட்ச் நாள்ல ஸ்டேடியத்தைச் சுத்தி இருக்கிற ரோடுகள், முக்கியமா பெல்ஸ் ரோடு, விக்டோரியா ஹாஸ்டல் ரோடு, வாலாஜா ரோடு பக்கம், போக்குவரத்து மாத்திவிடுவாங்க. மேப் ஆப் காட்டுற வழி பேரிகேட்ல போய் முடியும். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1ல தீவுத்திடலைச் சுத்தி ஃபார்முலா 4 ரேஸ் நடந்தப்போ ரோடே மைதானம் ஆயிடுச்சு. கொடிமரச் சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் எல்லாம் ரேஸ் பாதை. ரேஸைப் பத்தித் தெரியாத ஆளுங்ககூட சுத்திக்கிட்டுப் போனாங்க. அதனால மேட்ச் பார்க்கப் போகலைன்னாலும் அன்னைக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தா போக்குவரத்துக் காவல்துறை அறிவிப்பை ஒரு தடவை பாருங்க.

வண்டியை ஸ்டேடியம் வரைக்கும் கொண்டு போகாதீங்க. தெற்கேர்ந்து வர்றவங்க ஏதாவது ஒரு மெட்ரோ ஸ்டேஷன் பார்க்கிங்ல விட்டுட்டு ரயில்ல போங்க. ராத்திரி எத்தனை மணி வரைக்கும் வண்டியை எடுக்க விடுவாங்கன்னு டோக்கன் வாங்கும்போதே கேட்டுடுங்க.

ஆட்டோ, டாக்ஸி ஆப்பை ஸ்டேடியம் வாசல்ல நின்னு திறக்காதீங்க. ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்துல கேட்டா ரேட் ஏறும், டிரைவரால உள்ள வரவும் முடியாது. ஒரு கிலோமீட்டர் நடந்து போய் அப்புறம் புக் பண்ணுங்க.

போன் விஷயமும் அப்படித்தான். 38,000 போன் ஒரே டவரைத் தேடும்போது நெட் வராது, ஜிபே ஓடாது. டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. கையில ஒரு ஐந்நூறு ரூபா சில்லறையா இருக்கட்டும். கூட வந்தவங்க பிரிஞ்சுட்டா எங்க சந்திக்கிறதுன்னு உள்ள போறதுக்கு முன்னாடியே பேசி வைங்க. "வெளிய வந்து கால் பண்றேன்"ங்கிறது திட்டமே இல்ல.

மரக்காணத்துலேர்ந்து வர்றவங்களுக்கு

இப்போ தம்பியோட கேள்விக்கு வருவோம். மரக்காணத்துல ரயில் கிடையாது. பக்கத்து ரயில் ஸ்டேஷன் திண்டிவனம், முப்பது கிலோமீட்டருக்கு மேல. சென்னை சுமார் 120 கிலோமீட்டர். அப்போ ஈசிஆர் பஸ்தான்.

போறது சுலபம். புதுச்சேரி–சென்னை பஸ்ல ஏறி திருவான்மியூர்ல இறங்குங்க. அங்கேர்ந்து பஸ்லயோ ஷேர் ஆட்டோவுலயோ திருவான்மியூர் பறக்கும் ரயில் ஸ்டேஷன். ரயில் ஏறினா நேரா சேப்பாக்கம். சிட்டி டிராஃபிக்ல மாட்டவே வேண்டாம்.

திரும்புறதுல ஒரு குழப்பம் வரும். 2023 டிசம்பர் 30ல கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததுக்கு அப்புறம், தெற்கே போற பஸ் எல்லாம் அங்கதான்னு நினைச்சு சிலர் நேரா கிளாம்பாக்கம் போயிடறாங்க. அங்கேர்ந்து போறது ஜிஎஸ்டி ரோடு வழியா. திண்டிவனத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்கி, மரக்காணத்துக்கு விடியற வரைக்கும் காத்திருக்கணும். உங்களுக்கு வேண்டியது ஈசிஆர் வழியா புதுச்சேரி போற பஸ். திருவான்மியூர்ல ஏறுங்க. சில பஸ் எல்லா ஊர்லயும் நிக்காது. "மரக்காணம் நிக்குமா?"னு ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுடுங்க. நள்ளிரவுக்கு அப்புறம் எத்தனை பஸ் இருக்குன்னு மேட்ச் அன்னைக்கு மத்தியானம், திருவான்மியூர்ல இறங்கும்போதே நேரக் காப்பாளர்கிட்ட விசாரிச்சுட்டுப் போங்க.

எனக்குத் தெரிஞ்சு மூணு நல்ல வழி இருக்கு.

முதல் வழி, 3:30 மணி மேட்ச். வார இறுதியில ரெண்டு மேட்ச் இருக்கிற நாள்ல மதிய ஆட்டம் வரும். 7:30 வாக்குல முடிஞ்சுடும். ரயில், பஸ் எல்லாம் ஓடிட்டு இருக்கிற நேரம். வெயில் கொளுத்தும்தான். ஆனா ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல கொஞ்ச நேரத்துல வீட்டுல இருப்பீங்க.

ரெண்டாவது, நைட் மேட்ச்தான் வேணும்னா, ராத்திரி சென்னையில தங்கிடுங்க. ஃபிரெண்ட் ரூம், சொந்தக்காரங்க வீடு, எதுவா இருந்தாலும். காலையில முதல் பஸ்.

மூணாவது, பத்துப் பன்னெண்டு பேர் சேர்ந்து வேன். ஒரு நிபந்தனை: டிரைவர் மேட்ச் பார்க்கக்கூடாது. நீங்க கத்திட்டு இருக்கிற நாலு மணி நேரமும் அவர் வண்டியில படுத்துத் தூங்கியிருக்கணும். அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டுக் காசையும் சேர்த்துக் கொடுத்துடுங்க.

ராத்திரி மூணு மணி, ஈசிஆர்

நாலாவது வழி, அதாவது பைக், ஏன் வேணாம்னு இப்போ சொல்றேன்.

மேட்ச் 11:30க்கு முடியுது. வெளிய வந்து, வண்டியை எடுத்து, சிட்டியைத் தாண்டவே பன்னெண்டரை ஆயிடும். மீதி நூறு கிலோமீட்டருக்கு மேல. நடுவுல ஒரு டீ. மரக்காணம் வரும்போது மணி மூணு.

மனுஷ உடம்புக்கு ராத்திரி ரெண்டு மணிலேர்ந்து விடியற வரைக்கும்தான் தூக்கம் அதிகமா அழுத்துற நேரம். காலையில ஆறு மணிக்கு எழுந்து, வெயில்ல பஸ் புடிச்சு, நாலு மணி நேரம் கத்தித் தீர்த்த உடம்பு. "எனக்குத் தூக்கமே வரல மச்சி"னு சொல்லுவோம். கண்ணு திறந்தே இருக்கும், மூளை ரெண்டு மூணு செகண்ட் அணைஞ்சு போகும். 70 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு செகண்டுக்கு 19 மீட்டருக்கு மேல ஓடுது. மூணு செகண்டுன்னா கிட்டத்தட்ட 60 மீட்டர், யாரும் ஓட்டாம.

அந்த ரோடு எப்படின்னா, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஈசிஆரை நாலு வழியாக்குற வேலை பகுதி பகுதியா நடக்குது. மரக்காணம்–புதுச்சேரி 46 கிலோமீட்டருக்கு 2,157 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததே 2025 ஆகஸ்ட்லதான். அதனால அகலமான ரோடு திடீர்னு குறுகும், எதிர்ல வர்ற லைட் கண்ணுல அடிக்கும். ஓரத்துல லோடு லாரி நிக்கும்.

அதுக்கு மேல, உப்பளம்.

கொஞ்சம் தேதியைப் பாருங்க. ஐபிஎல் மார்ச் கடைசியிலேர்ந்து மே வரைக்கும். மரக்காணத்துல உப்பு சீசன் மழை முடிஞ்சு ஜனவரி வாக்குல ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும். அதுல நல்லா உப்பு விளையறது கோடையிலதான். அதாவது சேப்பாக்கத்துல மேட்ச் நடக்கிற அதே மாசங்கள்லதான் உப்பளத்துல வேலை அதிகம். பாத்தியில வெயில் ஏறிட்டா நிக்க முடியாது. உப்பு வெள்ளையா கண்ணைக் கூசும், கீழேர்ந்தும் சூடு அடிக்கும். அதனால விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போய், வெயில் வர்றதுக்குள்ள முடிக்கப் பார்ப்பாங்க. நடந்தும் சைக்கிள்லயும் போறவங்க, பல பேர் பெண்கள். இருட்டுல, ஈசிஆரைத் தாண்டி.

நீங்க மேட்ச் முடிஞ்சு அரைத் தூக்கத்துல வர்ற நேரமும், அவங்க வேலைக்குக் கிளம்புற நேரமும் ஒண்ணு. தம்பியோட அம்மா சொன்ன ஒரு வரிக்கு அதுதான் அர்த்தம். மகன் விழுந்துடுவானோங்கிற பயம் அவங்களுக்கு இருக்கும். அதோட, இன்னொரு பையன் அதே மாதிரி தூங்கிட்டு ஓட்டிட்டு வந்தா ரோட்டுல நிக்கப்போறது அவங்கதான்.

சிட்டியில இருக்கிற நமக்கு ஈசிஆர்னா லாங் டிரைவ், பீச், பாண்டி டிரிப். மேட்ச் ஜெயிச்ச சந்தோஷத்துல "சன்ரைஸ் பார்க்க பாண்டி போலாமா"னு கிளம்புறவங்களும் நம்மள்ல நிறைய. அந்த நேரத்துல அந்த ரோட்டை வேலைக்குப் போறவங்க தாண்டிட்டு இருக்காங்கங்கிறது நமக்குத் தோணுறதே இல்ல. அப்படிக் கிளம்புறதா இருந்தா, தூங்கிட்டு விடிஞ்சப்புறம் கிளம்புங்க. கடல் அங்கதான் இருக்கும்.

தம்பிக்கு

தம்பி, போங்க. சேப்பாக்கத்துல ஒரு மேட்ச்சாவது பார்க்கணும். டிக்கெட் கிடைக்கிறதே பெரிய விஷயம். ஆனா பைக்கை வீட்டுல விட்டுடுங்க. மத்தியானம் பஸ் ஏறுங்க, திருவான்மியூர்ல இறங்குங்க, பறக்கும் ரயில்ல போங்க. சென்னையில காலேஜ் ஃபிரெண்ட் யாராவது ஒருத்தர் ரூம்ல நாலு பேரும் தரையில படுக்க இடம் இருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடியே அவருக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க. அதுதான் நான் சொன்ன 'திரும்பி வர்ற வழியை முதல்ல முடிவு பண்றது'.

மறுநாள் காலையில முதல் பஸ்ல வந்தா, மரக்காணத்துல இறங்கும்போது நல்லா விடிஞ்சிருக்கும். பஸ் ஜன்னல்லேர்ந்து பார்த்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாத்தியில உப்பு வாரிட்டு இருப்பாங்க. அதுல உங்க அம்மாவும் இருக்கலாம். அவங்க வேலை முடிஞ்சு வந்ததும் மேட்ச் கதையை முழுசா சொல்லுங்க.

அடுத்த வாரம் வேற ஒரு கேள்வியோட வர்றேன். உங்களுக்கும் இந்த மாதிரி ஊர் திரும்புற கஷ்டம் ஏதாவது இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. பத்திரமா போங்க, பத்திரமா வாங்க.